தோணித் தடத்தில் ஒரு கூர்

பிரஷாந்தி என்ன செய்கிறாள் என்று கேட்டால் அந்த ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சிலருக்கு அவள் கம்பஸ் மிஸ். சிலருக்குக் கணக்கு ரீச்சர். தோணித்துறையில் குந்தியிருந்து நண்டு வலை பிரிக்கிற ஆட்களைக் கேட்டால், "ஆரு, திவாகரன்ட தங்கச்சியா? அவ நிழலப் பாத்துப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு அவர்களுடைய பாடு. சொன்னதில் பிழை இல்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அதோடு சேர்த்து ஒரு ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். அட்சரகணித வளையிகளின் தள எறியங்களில் வரும் சிக்கல் புள்ளிகள் என்று அதுக்குத் தலைப்பு. கேட்டால் தலை சுற்றும், ஆனால் விசயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. ஒரு கட்டுக்கம்பியை எடுத்துக் கண்டபடி வளைத்து வெயிலில் பிடியுங்கள். கம்பி தன்னைத்தான் எங்கேயும் தொடாது. கீழே விழுகிற நிழலோ தன்னைத்தானே வெட்டிக்கொண்டு கிடக்கும். அந்த வெட்டுக்குக் கணு என்று பெயர். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு போனால், எங்கேயோ ஒரு இடத்தில், கம்பியில் ஒரு முறிவும் இல்லாமலே நிழலில் மட்டும் முள்ளு மாதிரி ஒரு முனை எழும்பும். அதுக்குப் பெயர் கூர். கணு எங்கிருந்து பார்த்தாலும் வரும், அதைத் தடுக்க ஒருத்தராலும் ஏலாது. கூர் அப்படி இல்லை. வெளிச்சம் வருகிற திசையும் கம்பி ஓடுகிற திசையும் ஒரு இடத்தில் சரியாக ஒன்றாய்ப் பட்டால்தான் அது வரும். மயிரிழை விலகினாலும் கூர் போய்விடும். ஒன்றில் சுருக்குப் போலச் சின்னக் கண்ணியாகும், இல்லாவிட்டால் சாதாரண வளைவாகும்.

அந்தக் கணிதத் துறை ஆட்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. பொதுவான ஒரு இடத்தில் நின்று பார்க்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். சொன்ன மாத்திரத்தில் கூர்கள் எல்லாம் விதிவிலக்கு என்று ஒரு மூலைக்குள் போய்விடும், மிச்சம் இருக்கிறது கணு மட்டும்தான், எண்ணிவிட்டு நிம்மதியாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். பிரஷாந்தியின் ஆய்வில் ஒவ்வொரு அத்தியாயமும் அப்படித்தான் தொடங்கியது. வகுப்பிலும் வாயைத் திறந்தால் 'பொதுவாக' என்றுதான் வரும். பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் 'பொதுவா மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் திருத்திக்கொள்ளவில்லை, அவ்வளவு பிடிவாதம்.

கோபமும் அவளுக்கு மூக்கு நுனியில்தான். அதுவும் அண்ணன் திவாகரனைப் பற்றி ஆராவது ஒரு சொல் சொன்னால் போதும், ஆள் வேறு மாதிரி ஆகிவிடுவாள். அப்பா போனபிறகு அவன்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோணியில் ஏறினவன். தங்கச்சியைப் படிக்க வைத்தவன். ஆனால் அதை ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டான். பேச்சே குறைவு. ஏசினாலும் சிரிப்பான், புகழ்ந்தாலும் சிரிப்பான். இப்படி ஒரு மனுசனைப் பற்றித்தான் ஊர் வாயைக் கழுவாமல் கதைக்கத் தொடங்கியது.

நடந்தது இதுதான். மட்டக்களப்பு வாவியை அந்தக் கரையில் ஒருத்தரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். கச்சான் என்கிற மேல்காற்று உடைத்துக்கொண்டு வீசிய ஒரு பின்னேரம், பீற்றிஸ் என்ற கத்தோலிக்கப் பெண்ணின் ஒரே மகன் அன்ரோ தனியே நண்டு வலை எடுக்க ஆற்றில் இறங்கினான். திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மேற்குக் கரையில், கண்ணா என்கிற சதுப்பு மரப் பத்தை தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற இடத்தில், கவிழ்ந்த தோணியோடும் காலில் சுற்றின வலையோடும் கண்டெடுத்தார்கள். காற்றில் தோணி கவிழ்ந்தது, வலை சிக்கினது, மூச்சுத்திணறினது. பொலிஸும் அப்படித்தான் எழுதியது, மரண விசாரணையும் அப்படித்தான் முடிந்தது.

ஊர் முடிக்கவில்லை. வலை போடுகிற இடத்தைப் பற்றி அன்ரோவுக்கும் திவாகரனுக்கும் சித்திரை மாதத்தில் துறையில் வாய்த்தர்க்கம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பின்னேரம் திவாகரனும் ஆற்றில் நின்றவன், அதுவும் தெரியும். பிறகென்ன, சந்திச்சிருக்கிறாங்கள், சண்டை பிடிச்சிருக்கிறாங்கள், இவன் விட்டுட்டு வந்திட்டான். வாய் இருக்கிறவன் எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரியே சொன்னான். திவாகரன் பொலிஸில் சொன்னது நாலு வசனம். "கண்ணாப் பத்தைப் பக்கம் போனன். ஓடின ஓட்டத்தில கிறுகித் திரும்பி வந்தன். எங்கயும் நிக்கல்ல. ஆரையும் காணல்ல."

மீனவர் சங்கத் தலைவர் தங்கராசா பொல்லாத மனுசர் இல்லை. ஆனால் நெருக்குவாரம் கூடக்கூட அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. சங்கத்தைக் கூட்டி விசாரிக்கப்போவதாகச் சொன்னார். திவாகரன் சொன்னது பொய் என்று கண்டால் இனி அந்தத் துறையில் அவன் தோணியைக் கட்ட ஏலாது. துறையை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதோடு பொலிஸ் கதவும் மறுபடி திறக்கும்.

அதுக்குள்ளேதான் அந்தப் படம் வந்து புகுந்தது. நண்டு வாங்குகிற கொம்பனி ஒன்று, நண்டு எந்தப் பக்கத்தில் பிடிபட்டது என்று வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவதற்காக, ஒவ்வொரு தோணியிலும் சின்ன ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று பூட்டியிருந்தது. தோணி போன தடத்தை அது கோடாகக் கீறும். நேரத்தைக் கொம்பனி வைத்திருப்பதில்லை, தங்களுக்குத் தேவை இடம் மட்டும்தான் என்றார்கள். அன்ரோவின் தடத்தைத் தாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். திவாகரனின் தடத்தைக் கொடுக்க அவனுடைய ஒப்பம் வேண்டும். அவன் ஒப்பம் வைக்க மாட்டேன் என்றான்.

ஒப்பம் வைக்காதது ஊருக்கு அவல் மாதிரி. மெல்லு மெல்லென்று மென்றார்கள். பிரஷாந்திக்குப் பொறுக்க முடியவில்லை. பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு வீடும் ஒரே வளவுக்குள்தான்.

"அண்ணன், என்னத்துக்கு இப்பிடி அடம் பிடிக்கிறீங்க? குடுத்தாத்தானே வாய அடைக்கலாம்."

அவன் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அதுல என்ன தெரியும்?" என்றான்.

"தடம் தெரியும். உங்கட தடமும் அன்ரோட தடமும் எங்கயாவது வெட்டும். ஒரே ஆத்தில ரெண்டு தோணி ஓடினா வெட்டாம என்ன செய்யும்? அதப் பாத்துட்டு, இந்தா சந்திச்சிரிக்காங்க எண்டு குதிப்பாங்க. குதிக்கட்டும். வெட்டினா சந்திச்சது எண்டு அர்த்தமில்ல. அத நான் வந்து விளங்கப்படுத்துறன். இது என்ட பாடம் அண்ணன், நான் தின்னுறதும் குடிக்கிறதும் இதுதான்."

குசினி வாசலில் திவாகரனின் மனைவி மேனுகா வந்து நின்றாள். "வேணாம் மச்சாள்" என்றாள். "கத்துறவங்க கத்திட்டுப் போகட்டும். கொஞ்ச நாள் போனா அடங்கிரும்."

"நீங்க சும்மா இரிங்க மச்சாள். ஒளிச்சாத்தான் சந்தேகம்."

திவாகரன் கையில் இருந்த ஈயத்தைக் கீழே வைத்தான். தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தான்.

"வெட்டுறதத் தவிர வேற ஒண்டும் தெரியாதா, புள்ள?"

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். குற்றம் இல்லாத மனுசன் இப்படியா கேட்பான் என்று ஒரு சொட்டு நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. படித்த படிப்பு நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது.

"பொதுவா வேற ஒண்டும் வராது" என்றாள்.

அவன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கொம்பனிக் கடுதாசியில் ஒப்பம் வைத்தான். மேனுகா உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் வந்துசேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சங்கக் கட்டடத்துக்குள் கொள்ளாத சனம். தங்கராசா படங்களை ஒரு மேசையில் விரித்துக் காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார். பிரஷாந்திக்கு முன்னமே பார்க்கக் கிடைக்கவில்லை. கொம்பனியிலிருந்து நேரே சங்கத்துக்குத்தான் வந்தது. அவளும் கேட்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது என்ற தைரியம்.

பீற்றிஸ் கறுப்புச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தாள். மகன் போன நாளிலிருந்து அவள் ஒருத்தரோடும் வாய் திறந்து சண்டைக்குப் போகவில்லை. மற்றவர்கள்தான் அவளுக்காகக் கத்தினார்கள். திவாகரன் வாசல் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றான். மேனுகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்து வேம்புக்குக் கீழே நின்றாள்.

தங்கராசா ஒரு படத்துக்கு மேல் மற்றதை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஆற்றின் நடுவில், அன்ரோவின் சிவப்புக் கோடும் திவாகரனின் நீலக் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. அவ்வளவுதான், கட்டடம் இரைந்தது.

"கண்ணால பாருங்க. சந்திச்சிரிக்காங்க."

"ஆரையும் காணல்லயாம். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்."

பின்னாலிருந்து ஒருத்தன் திவாகரனின் தோளைப் பிடித்துத் தள்ளினான். இன்னொருத்தன் தடுத்தான். பிரஷாந்தி எழும்பினாள்.

"எல்லாரும் ஒருக்கா முத்தத்துக்கு வாங்க" என்றாள். "கத்துறதுக்கு முதல் ஒண்டப் பாருங்க. பாத்த பிறகு கத்துங்க."

சனம் சீமெந்து முற்றத்தில் வட்டமாக நின்றது. அவள் பையிலிருந்து கட்டுக்கம்பி இரண்டு துண்டு எடுத்தாள். ஒன்றைத் தங்கராசாவின் கையில் கொடுத்து எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள்.

"இந்தச் சீமெந்துத் தரைதான் ஆறு. தரையில விழுற நிழல்தான் நீங்க படத்தில பாத்த கோடு. கம்பி உயர உயர நேரம் போகுது எண்டு வையுங்க. பதிவா கீழ இரிக்கிறது மத்தியானம், உயரத்தில இரிக்கிறது பின்னேரம். விளங்குதா?"

சிலர் தலையாட்டினார்கள். அவள் தன் கம்பியை முழங்கால் உயரத்திலும் தலைவரின் கம்பியை நெஞ்சு உயரத்திலும் பிடிக்கச் செய்தாள். உச்சி வெயிலில் இரண்டு நிழலும் தரையில் ஒன்றையொன்று வெட்டின.

"நிழல் வெட்டுதா?"

"ஓம், வெட்டுது."

"கம்பி முட்டுதா?"

ஒரு கிழவர் வந்து இரண்டு கம்பிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். "முட்டல்லதான்" என்றார்.

"படத்தில நேரம் இல்ல. நேரத்த எடுத்துட்டா மிஞ்சிறது நிழல் மட்டும்தான். அண்ணன் அந்த இடத்தால போனதுக்கும் அன்ரோ போனதுக்கும் நடுவில எவ்வளவு நேரமும் இரிந்திரிக்கலாம். இதக் கொண்டு சந்திச்சதெண்டு ஆராலயும் சொல்ல ஏலா."

சும்மா சொல்லக்கூடாது, அவள் விளங்கப்படுத்தின விதத்தில் கத்தினவர்களின் வாய் அடைத்துப்போய்விட்டது. தோளில் தள்ளினவன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னுக்குப் போனான். தங்கராசா கம்பியைப் பார்த்து, தரையைப் பார்த்து, மெய்தான் புள்ள, மெய்தான் என்று இரண்டு தரம் சொன்னார். பிரஷாந்திக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினது போல இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது விளங்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைவர் கூட்டத்தை முடிக்கத்தான் போனார். அப்போது பீற்றிஸ் எழும்பி உள்ளே போய், திவாகரனின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பிரஷாந்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"வெட்டுறது எனக்கு விளங்கிட்டு, புள்ள. நீ சொல்றது சரி. இது என்ன?"

அவள் விரல் வைத்த இடத்தைப் பிரஷாந்தி அப்போதுதான் முதல் தரமாகப் பார்த்தாள். மேற்குக் கரையில், கண்ணாப் பத்தைக்கு நேரே, நீலக் கோடு போய் முள்ளு மாதிரி ஒரு முனையில் நின்று, வந்த பக்கமாகவே திரும்பியிருந்தது. வளைவு இல்லை. கண்ணி இல்லை. சுத்தமான கூர்.

வருசக்கணக்காகப் பொதுவான இடம் பொதுவான இடம் என்று எழுதி மூலைக்குத் தள்ளின சாமான் அது. சும்மா வராத சாமான்.

"அது… அதில கிறுகிரிக்கார், அன்ரி" என்றாள்.

"நானும் ஆத்தில தோணி வலிச்சவதான். ஓடின ஓட்டத்தில கிறுகினா வட்டமாத்தானே வரும்." பீற்றிஸ் தங்கராசாவின் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். அதை ஒரு பக்கமாக வளைத்துத் திருப்பி வெயிலில் பிடித்தாள். நிழல் வட்டமாகத் திரும்பியது. இன்னும் இறுக்கி வளைத்தாள். நிழலில் சின்னதாக ஒரு கண்ணி வந்தது. மறுபடி மறுபடி வளைத்தாள்.

"வருதில்லயே, புள்ள. எப்பிடி வளைச்சா இந்த முள்ளு வரும்?"

பிரஷாந்தியிடம் ஒரு பதில் இருந்தது. அதுவும் பொய் என்று ஒருத்தரும் சொல்ல முடியாத பதில். பெட்டி அளக்கிற அளவில் பிழை உண்டு, அந்தப் பிழைக்குள் ஒரு சின்னக் கண்ணியோ வளைவோ ஒளிந்துகொள்ளலாம், மயிரிழை அசைந்தால் கூர் இல்லாமல் போகும், ஆகவே இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டவும் அவளால் முடியும். அந்த முற்றத்தில் அவளை எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் இல்லை. அண்ணன் நாளைக்குத் தோணியைக் கட்டுவான். மேனுகாவின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

அவள் வாசலைப் பார்த்தாள். திவாகரன் படத்தைப் பார்க்கவில்லை, பீற்றிஸைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வேற ஒண்டும் தெரியாதா, புள்ள என்று கேட்டபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அவன் என்ன கேட்டான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒப்பம் வைக்க வைத்ததும் அவள்தான்.

"அன்ரி, அந்தப் பெட்டி சில நேரம்…"

"பெட்டியப் பத்திச் சொல்லாத" என்றாள் பீற்றிஸ். குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்குக் கம்பியிலதானே காட்டின. எனக்கும் கம்பியில காட்டு."

கம்பியை நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் ஏதாவது சொல்லமாட்டானா, ஆராவது வந்து இந்தக் கம்பியைப் பறிக்கமாட்டார்களா என்று பிரஷாந்திக்கு இருந்தது. வேம்புக்குக் கீழே மேனுகாவின் பிள்ளை சிணுங்கியது, மேனுகா அதன் வாயைப் பொத்தினாள்.

பிரஷாந்தி கம்பியை வளைத்தாள். தரைக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாகக் கொண்டுபோய், ஒரு இடத்தில் அதை நேரே வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, பிறகு வந்த பக்கம் சரித்தாள். எங்கேயும் முறிக்கவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகத்தான் வளைத்தாள். வெயிலில் பிடித்தபோது தரையில் முள்ளு எழும்பி நின்றது. படத்தில் இருந்த அதே முனை.

பீற்றிஸ் குனிந்து நிழலைப் பார்த்தாள். பிறகு கம்பியில், அது நேரே நிமிர்ந்து நின்ற இடத்தை விரலால் தொட்டாள்.

"இந்த இடத்தில கம்பி மேல போகுது."

"ஓம்."

"மேல போனா நேரம் போகுது எண்டு சொன்ன."

"ஓம், அன்ரி."

"அப்ப தோணி?"

ஒரு சொல்தான் மிச்சம். அந்தச் சொல்லைச் சொன்னால் தன்னை வளர்த்த மனுசனைத் தானே பிடித்துக் கொடுக்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லாமல் விட்டால் இந்தத் தாயின் முகத்தை இனி எந்தத் தெருவில் பார்ப்பது என்பதும் தெரியும். அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்.

"தோணி போகல்ல, அன்ரி. அதில நிண்டிரிக்கு."

திவாகரன் சுவரை விட்டுவிட்டு நடந்து வந்தான். வெயிலுக்குள் வந்து, பீற்றிஸின் முன்னால் சீமெந்துத் தரையில் குந்தினான். கட்டினவளையோ தங்கச்சியையோ அவன் பார்க்கவில்லை.

"தோணி கவிழ்ந்து கிடந்திச்சு" என்றான். "வலைக்குள்ள கிடந்து அடிச்சான். தண்ணி வெடிச்சுப் பறந்திச்சு. முதலை பிடிச்சிட்டு எண்டு நினைச்சன். போன வருசம் அந்த இடத்திலதானே ஆள இழுத்தது. துடுப்ப வலிக்கக் கை வரல்ல. நிண்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியா. பிறகு பின்னுக்கு வலிச்சன்."

"முதலை இல்லயே" என்றார் தங்கராசா. "உடம்பில ஒரு கடி இல்லயே, திவாகரன்."

"இல்லத்தான். அடுத்த நாள் பாத்தாப் பிறகுதான் தெரியும்." அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். "ஆக்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தன். துறையில கால் வெச்சாப் பிறகு, ஏன் விட்டுட்டு வந்த எண்டு கேட்பாங்களே எண்டு நினைச்சன். வாய் வரல்ல. இரா முழுக்க வரல்ல. விடிஞ்சாப் பிறகு சொல்லி என்ன."

யாரோ ஒருத்தர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். தங்கராசா கையைக் காட்டி அடக்கினார். பீற்றிஸ் அவனுக்கு நேரே தானும் தரையில் இருந்தாள். ஏசுவாள், அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அவன் உன்னக் கண்டவனா?"

"கண்டான்."

"ஏதும் சொன்னவனா?"

திவாகரன் தலை குனிந்தான்.

"சொல்லு மனே. நான் வேற ஒண்டும் கேக்கல்ல."

"அண்ணே எண்டு கூப்பிட்டான்."

"ஒருக்காவா?"

அவனுடைய தோள் குலுங்கியது.

"நான் கிறுகினாப் பிறகும் கூப்பிட்டான்" என்றான்.

பிரஷாந்திக்கு அண்ணனை இழுத்துவைத்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்ய முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள். மேனுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து றோட்டுக்குப் போனாள். அவளை ஒருத்தரும் மறிக்கவில்லை.

பீற்றிஸ், தனக்குத்தானே கணக்குப் பார்க்கிறவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப என்ட புள்ள, நீ ஆக்களக் கூட்டிட்டு வருவ எண்டு நினைச்சிட்டுத்தான் கிடந்திரிப்பான்."

திவாகரன் ஓம் என்றான்.